பட்டியலில் தெரியும் பெயரும் பின்னால் நிற்கும் ஆளும்



மலர்க்குழுத் தம்பிகள் வீடு தேடி வந்து கட்டுரை கேட்டபோது முதலில் நழுவத்தான் பார்த்தேன். "கம்ப்யூட்டர் பத்தி எழுதுங்கண்ணா. ஆனா எங்கப்பாவுக்கும் புரியணும்" என்று ஒரு தம்பி கொக்கி போட்டார். அப்படியானால் நம் மலரின் கடைசிப் பக்கங்களில் வருகிற உறுப்பினர் பட்டியலையே எடுத்துக்கொண்டு எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். மலர் கைக்கு வந்ததும் நாம் எல்லோரும் முதலில் புரட்டுவது அந்தப் பக்கங்களைத்தானே! தலைவர் உரையைச் சாவகாசமாகப் படித்துக்கொள்ளலாம். முதலில் நம் பெயர் இருக்கிறதா, இனிஷியல் சரியா என்று பார்த்துவிட வேண்டும்.

அந்தப் பட்டியலில் ஒருவருக்கு ஒரு வரிதான் தெரிகிறது. ஆனால் அந்த வரிக்குப் பின்னால் ஒரு முழு ஆள் நிற்கிறார். அவருக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, படித்த துறை, முடித்த ஆண்டு, இப்போதைய முகவரி எல்லாம் உண்டு. கணிப்பொறிக்காரர்கள் அந்த ஆளை 'ஆப்ஜெக்ட்' என்பார்கள். அவருடைய விவரங்களை 'பிராப்பர்ட்டி', அதாவது பண்புகள் என்பார்கள். திரையில் பட்டியல் காட்டும் பெட்டிக்கு 'லிஸ்ட் கன்ட்ரோல்' என்று பெயர். ஆளின் பண்பையும் திரையில் தெரியும் வரியையும் கட்டிப்போடுகிற வேலைக்கு 'டேட்டா பைண்டிங்' என்று பெயர். பைண்டிங் என்றதும் நோட்டுப் புத்தகம் பைண்டு பண்ணுவது நினைவுக்கு வருகிறதா? பரவாயில்லை, அர்த்தம் அதேதான். கட்டுவது, பிணைப்பது.

இந்தச் சின்ன விஷயத்துக்கு ஒரு வரலாறு தேவையா என்று கேட்கலாம். தேவைதான். அதற்குக் காரணமாக, என் தவறு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் பட்டியல் செய்த வேலை

நான் கீழ்பென்னாத்தூர்க்காரன். செஞ்சி ரோட்டில் பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வந்து போய்ப் படித்தவன். படிப்பு முடிந்து சென்னையில் கணிப்பொறி வேலைக்குப் போனேன். 1996-இல் எங்கள் செட் பையன்கள் ஒரு சந்திப்புக்கு ஏற்பாடு செய்தபோது, "நீதான் கம்ப்யூட்டர் ஆளாச்சே, அட்ரஸ் வேலையை நீ பாத்துக்கோ" என்று என் தலையில் கட்டினார்கள். நானும் விஷுவல் பேசிக் மூன்றாம் பதிப்பில் ஒரு புரோகிராம் எழுதினேன்.

புரோகிராம் திறந்ததும் கோப்பிலிருந்து ஒவ்வொரு பெயராகப் படித்து, முகவரியோடு சேர்த்து லிஸ்ட் பாக்ஸில் போடும். 'ஆட் ஐட்டம்' என்பது அந்தக் கட்டளை. ஒரு பெயரைத் தட்டினால் இன்னொரு ஜன்னல் திறக்கும். அதில் முகவரியைத் திருத்திச் சேமிக்கலாம். கோப்பில் திருத்தம் ஏறிவிடும். எல்லாம் சரிதான், ஒன்றைத் தவிர. ஏற்கெனவே லிஸ்ட் பாக்ஸில் போய் உட்கார்ந்துவிட்ட வரி பழைய முகவரியோடு அப்படியே இருக்கும். அது கோப்பின் நகல்தானே? கோப்பு மாறியது அதற்கு எப்படித் தெரியும்?

அழைப்பிதழ் உறைகளில் ஒட்டும் முகவரிச் சீட்டுகளை நான் கோப்பிலிருந்து அச்சடிக்கவில்லை. திரையில் இருந்த பட்டியலிலிருந்து அச்சடித்தேன். அன்று காலையில்தான் சில முகவரிகளைத் திருத்தியிருந்தேன். புரோகிராமை மூடித் திறந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். மூடவில்லை.

ஓசூருக்கு வேலை மாறிப்போன நண்பன் ஒருவனுக்கு அழைப்பிதழ் அவன் காலி செய்த பழைய வீட்டுக்குப் போய்விட்டது. கூட்டம் நடந்தது. எங்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ஓய்வு பெற்றுப் பல வருஷங்களுக்குப் பிறகு அன்றைக்கு வந்திருந்தார். "அந்த ஓசூர்ப் பையன் வரலியாப்பா?" என்று பெயர் சொல்லிக் கேட்டார். வருவான் சார் என்றோம். ஒரு மாதம் கழித்து அவன் என் வீட்டுக்கு வந்தான்.

"ஏன்டா, லிஸ்ட்ல என் பேரே இல்லியா?"

"இருந்துச்சுடா. பழைய வீட்டோட இருந்துச்சு."

அவன் சிரித்துவிட்டான். ஆனால் அடுத்த சந்திப்புக்குள் பேராசிரியர் காலமாகிவிட்டார். அதன் பிறகு அவன் அந்த விஷயத்தை எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை. பட்டியல் வேறு, ஆள் வேறு என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

கர்ணம் கணக்கும் ஜமாபந்தியும்

பிறகு யோசித்துப் பார்த்தால் இது கணிப்பொறி கொண்டுவந்த சிக்கலே இல்லை. நம் ஊர்க் கர்ணங்களுக்கு நூறு வருஷங்களுக்கு மேலாகத் தெரிந்த சிக்கல்.

சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்றோ வேரூன்றச் செய்த ரயத்துவாரி முறையில் அரசாங்கம் நேராக விவசாயியோடு கணக்கு வைத்துக்கொண்டது. மன்றோ 1820 முதல் 1827 வரை கவர்னராக இருந்தவர். அந்த முறையில் ஒவ்வொரு கிராமத்துக்கும் பல பதிவேடுகள் உண்டு. அ-பதிவேடு என்பது சர்வே எண் வாரியாக நிலத்தின் பரப்பு, வகை, தீர்வை, உடைமையாளர் பெயர் ஆகியவற்றைச் சொல்லும். சிட்டா என்பது ஆள் வாரியாக அவருக்கு எந்தெந்த சர்வே எண்ணில் எவ்வளவு நிலம் என்று சொல்லும். அடங்கல் என்பது அந்த நிலத்தில் இந்தப் பசலியில் என்ன பயிர் என்று சொல்லும்.

கவனியுங்கள், நிலம் ஒன்றுதான். அதையே மூன்று விதமாகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். நிலத்தை முன்னால் வைத்து ஒரு பட்டியல், ஆளை முன்னால் வைத்து ஒரு பட்டியல், பயிரை முன்னால் வைத்து ஒரு பட்டியல். இன்றைய மாணவர்கள் 'ஒரே டேட்டா, மூன்று வியூ' என்பார்கள். அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டால் கர்ணம் ஒவ்வொரு ஏட்டிலும் கையால் எழுத வேண்டும். ஓர் ஏட்டில் விட்டுப்போனால் அந்த ஏடு பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும். என் லிஸ்ட் பாக்ஸ் மாதிரியே.

இதைச் சரிபார்க்கத்தான் ஜமாபந்தி. பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். முடிகிற சமயத்தில், பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில், கிராமக் கணக்குகள் எல்லாம் தாலுகா ஆபீசுக்கு வரும். ஒரு கணக்கை இன்னொரு கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஜனங்களும் மனு கொடுப்பார்கள். 'வருவாய்த் தீர்வாயம்' என்ற பெயரில் இன்றும் அது நடக்கிறது. பட்டியலையும் நிலத்தையும் பிணைத்து வைத்திருந்தது எந்த இயந்திரமும் அல்ல. ஒரு கர்ணத்தின் கையும், வருஷத்துக்கு ஒருமுறை வரும் ஒப்பீடும்தான்.

அந்தப் பரம்பரைக் கர்ணம் பதவி 1980 நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றமும் 1982-இல் அதை உறுதி செய்தது. அவர்கள் இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். ஆள் மாறினாலும் ஏடு மாறவில்லை, நகல் எடுக்கும் வேலையும் மாறவில்லை.

1979: தகவல் சொல்லி அனுப்பும் ஏற்பாடு

இதே சிக்கலை உலகத்தின் இன்னொரு மூலையில் ஒருவர் வேறு விதமாகப் பார்த்தார். நார்வே நாட்டு ட்ரிக்வே ரீன்ஸ்காக் கப்பல் கட்டும் துறைக்கு மென்பொருள் எழுதி அனுபவப்பட்டவர். ஒரு கப்பலின் விவரம் ஒன்றுதான். ஆனால் வடிவமைப்பாளருக்கு ஒரு படம் வேண்டும், வேலைத் திட்டம் போடுபவருக்கு ஒரு பட்டியல் வேண்டும். கலிஃபோர்னியாவில் செராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆராய்ச்சிக் கூடத்துக்கு விருந்தினராகப் போயிருந்த அவர், 1979-இல் ஒரு யோசனையைக் குறிப்பாக எழுதி வைத்தார். மூல விவரம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதைக் காட்டும் தோற்றம் இன்னொரு பக்கம் இருக்கட்டும். பயன்படுத்துபவரின் கைவேலையை வாங்கிக்கொள்ளும் பகுதி மூன்றாவதாக இருக்கட்டும் என்பதே அதன் சாரம். 'மாடல், வியூ, கன்ட்ரோலர்' என்று இன்று எந்தக் கல்லூரியிலும் பாடமாக இருப்பது அதுதான்.

அந்தக் கூடத்தில் பிறந்த ஸ்மால்டாக் மொழியில் இதற்கு ஓர் அழகான ஏற்பாடு உண்டு. மூல விவரம் தன்னை நம்பியிருக்கும் தோற்றங்களின் வரிசையை வைத்துக்கொள்ளும். தான் மாறியதும் "மாறிட்டேன்" என்று ஒரு குரல் கொடுக்கும். நம்பியிருப்பவை அத்தனையும் திரும்ப வந்து புது விவரத்தை வாங்கித் தம்மைத் திருத்திக்கொள்ளும். ஊரில் தண்டோரா போடுவதைப் போலத்தான். வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. குரல் கேட்டவர்கள் வந்து தெரிந்துகொள்வார்கள்.

அதே 1979-இல் டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் ஆப்பிள் கணிப்பொறிக்காக விசிகால்க் என்ற கணக்குத் தாளைக் கொண்டுவந்தார்கள். ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் அதை நம்பியிருக்கும் கூட்டுத்தொகை தானாக மாறும். இன்று எக்ஸெல் பயன்படுத்தும் ஒவ்வொரு கடைக்காரரும் அந்த வசதியின் வாரிசுதான். மாற்றத்தை மனிதர் சுமந்துகொண்டு திரியாமல், பிணைப்பே சுமக்கட்டும் என்ற எண்ணம் ஒரே வருஷத்தில் இரண்டு இடத்தில் உருவெடுத்தது.

விஷுவல் பேசிக் காலம்

இந்த எண்ணம் நம்மைப் போன்ற சாதாரணப் புரோகிராமர்களின் கைக்கு வரப் பதினைந்து வருஷம் ஆனது. நம்மில் பலர் முதலில் தொட்டது டிபேஸ், பிறகு ஃபாக்ஸ்ப்ரோ. 'பிரவுஸ்' என்று அடித்தால் கோப்பு முழுதும் கட்டம் கட்டமாகத் திரையில் விரியும். அங்கேயே திருத்தலாம். ஆனால் நாமாக ஒரு படிவம் வடிவமைத்தால், விவரத்தை எடுத்துத் திரையில் போடுவதும் திரையிலிருந்து எடுத்துக் கோப்பில் போடுவதும் நம் தலையில்தான்.

1993-இல் வந்த விஷுவல் பேசிக் மூன்றாம் பதிப்பில் 'டேட்டா கன்ட்ரோல்' என்று ஒன்று சேர்ந்தது. டேப் ரெக்கார்டர் பொத்தான்கள் போல முன்னும் பின்னும் அம்புக்குறிகள் இருக்கும். எழுத்துப் பெட்டிகளை அதோடு பிணைத்துவிட்டால் அம்பை அழுத்த அழுத்த அடுத்தடுத்த ஆளின் விவரம் தானாக வரும். ஒரு வரி எழுத வேண்டாம்! பட்டியலுக்கான பிணைப்பு 1995-இல் வந்த நான்காம் பதிப்பில் 'டிபி லிஸ்ட்' என்ற பெயரில் சேர்ந்தது. அதே 1995-இல் போர்லண்ட் நிறுவனத்தின் டெல்ஃபியும் இந்த வசதிகளோடு வந்தது. என்னிடம் இருந்ததோ மூன்றாம் பதிப்பு. ஓசூர் நண்பனின் அழைப்பிதழ் இந்த ஒரு பதிப்பு இடைவெளியில் சிக்கிக்கொண்டது என்று சொல்லி நான் தப்பிக்கப் பார்ப்பதுண்டு. உண்மையில் சேமித்த கையோடு பட்டியலைத் துடைத்துவிட்டு மறுபடி நிரப்ப ஐந்தாறு வரி எழுதியிருந்தால் போதும். எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஒரே ஊர், மூன்று மாவட்டம்

'டிபி லிஸ்ட்' இன்னொரு பாடத்தையும் சொன்னது. அதில் எந்தப் பண்பைக் காட்டுவது என்று ஒன்றும், எந்தப் பண்பை மதிப்பாக எடுத்துக்கொள்வது என்று இன்னொன்றும் தனித்தனியாகக் கேட்டார்கள். ஏன் இரண்டு? பெயரைக் காட்டினோம், பெயரையே எடுத்துக்கொண்டால் என்ன?

நம் ஊரை வைத்தே சொல்கிறேன். 1988-இல் கல்லூரியில் சேர்ந்த கீழ்பென்னாத்தூர் மாணவன் விண்ணப்பத்தில் மாவட்டம் 'வட ஆற்காடு' என்று எழுதினான். 1989 செப்டம்பர் 30-இல் மாவட்டம் பிரிந்தது. 1990-இல் சேர்ந்த அவன் தம்பி 'திருவண்ணாமலை சம்புவராயர்' என்று எழுதினான். 1997-இல் மாவட்டப் பெயர்களிலிருந்து தலைவர்கள், மன்னர்களின் பெயர்களை அரசு நீக்கியது. அடுத்த வருஷம் சேர்ந்த தங்கை 'திருவண்ணாமலை' என்று எழுதினாள். வீடு ஒன்றுதான், திண்ணை கூட நகரவில்லை. ஆனால் மாவட்டத்தின் பெயரையே அடையாளமாக வைத்து எண்ணினால் மூன்று பேரும் மூன்று மாவட்டத்துக்காரர்கள்!

ஊர்ப் பெயரிலும் இதே கதை. கீழ்பென்னாத்தூர் என்று றன்னகரம் போட்டு எழுதுபவர்கள் உண்டு, கீழ்பெண்ணாத்தூர் என்று டண்ணகரம் போட்டு எழுதுபவர்களும் உண்டு. நமக்கு இரண்டும் ஒரே ஊர்தான். கணிப்பொறிக்கு இரண்டும் வேறு வேறு ஊர்.

ஆகவே ஒவ்வொரு ஊருக்கும் ஆளுக்கும் மாறாத எண் ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். பட்டியலில் தெரிவது பெயர், உள்ளே பிணைந்திருப்பது எண். பெயர் நாளைக்கு மாறினாலும் ஒரே இடத்தில் திருத்தினால் போதும், எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும் எல்லாப் பட்டியலும் சரியாகிவிடும். மத்திய அரசின் உள்ளாட்சி விவரத் தொகுப்பில் நாட்டின் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஓர் எண் இருப்பதும் இதற்காகத்தான்.

கொம்பு முளைத்த பட்டியல்

1990-களின் கடைசியில் "பட்டியல் தமிழில் வேணும்" என்ற ஆசை எல்லோருக்கும் வந்தது. எழுத்துருக்கள் நிறைய வந்துவிட்டன. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. ஒரு எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் ஜிலேபி பிழிந்தது போல் இருக்கும். அதைக்கூடச் சமாளிக்கலாம். பட்டியலை அகர வரிசையில் அடுக்கச் சொன்னால்தான் வேடிக்கை.

அந்த எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில்தான் எழுத்தைச் சேமிப்பார்கள். 'கே' என்பதில் முதலில் வருவது கொம்பு, பிறகுதான் ககரம். ஆகவே கேசவனும் சேகரும் தேவராஜனும் வேலுவும் கொம்பின் கீழ் ஒன்றாகச் சேர்ந்துவிடுவார்கள். கோபாலும் அவர்களோடுதான். கண்ணன் மட்டும் தனியாக ககரத்தில் நிற்பார். "நம்ம செட்ல கொம்பு முளைச்சவங்க எல்லாம் ஒரே எடத்துல இருக்காங்க பாரு" என்று நாங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு 'தமிழ் 99' விசைப்பலகையையும், 'டாம்', 'டாப்' என்ற எழுத்துத் தரங்களையும் தந்தது. 1991-இலேயே உலக எழுத்துகளோடு தமிழுக்கும் இடம் கொடுத்திருந்த யூனிகோடு மெல்ல மெல்லப் பரவியது. 2010-இல் அது தமிழக அரசின் தரமாகவும் ஆயிற்று. யூனிகோடில் ககரம் முதலில், கொம்பு பிறகு. எனவே கேசவன் ககரத்துக்குத் திரும்பினார்.

முழுச் சிக்கலும் தீர்ந்ததா என்றால் இல்லை. யூனிகோடில் னகரம் நகரத்துக்கு அடுத்தே உட்கார்ந்திருக்கிறது. நம் அரிச்சுவடியில் அது கடைசி எழுத்து. வெறும் குறியீட்டு எண்ணை வைத்து அடுக்கினால் கனகா, கமலாவை முந்திக்கொண்டு போவாள். தமிழ் வரிசை தெரிந்த அடுக்கு விதியைப் பயன்படுத்தினால்தான் கமலா முன்னால் வருவாள். இனிஷியல் இன்னொரு தலைவலி. பெயருக்கு முன்னால் இனிஷியலைச் சேர்த்தே ஒரு பண்பாக வைத்தால், அப்பா பெயரின் முதல் எழுத்தில் மகன் அடுக்கப்படுவான். இனிஷியலைத் தனிப் பண்பாக வைத்து, அடுக்குவதற்குப் பெயரையும் காட்டுவதற்கு இரண்டையும் சேர்த்த இன்னொரு பண்பையும் வைத்துக்கொள்ள வேண்டும். மாணவச் செல்வங்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும். மேல்நாட்டுப் புத்தகத்தில் இது இருக்காது.

டாட் நெட்டுக்குப் பிறகு

2002-இல் மைக்ரோசாஃப்டின் டாட் நெட் வந்தது. இதில் பிணைப்பு கோப்போடு நிற்காமல் ஆப்ஜெக்டுகளுக்கே வந்துவிட்டது. மாணவர் என்ற வகையில் நூறு ஆப்ஜெக்டுகளைக் கோத்து லிஸ்ட் பாக்ஸின் 'டேட்டா சோர்ஸ்' இடத்தில் கொடுத்தால் போதும். 'டிஸ்ப்ளே மெம்பர்' என்ற இடத்தில் காட்ட வேண்டிய பண்பின் பெயர், 'வேல்யூ மெம்பர்' என்ற இடத்தில் அடையாளப் பண்பின் பெயர்.

புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் ஒருமுறை இங்கே விழுந்து எழுந்திருப்பார்கள். 'டிஸ்ப்ளே மெம்பர்' கொடுக்க மறந்தால் நூறு வரியிலும் 'மாணவர்', 'மாணவர்', 'மாணவர்' என்று வகையின் பெயரே வரும். கணிப்பொறி மேல் தப்பில்லை. "உள்ளே யார் இருக்காங்க?" என்று கேட்டால், எந்த விவரத்தைச் சொல்வது என்று தெரியாமல் "ஒரு மாணவர் இருக்காரு" என்று சொல்கிறது. அவ்வளவுதான். இன்னொரு பள்ளம், பண்பாக அறிவிக்காமல் வெறும் மாறியாக விட்டால் பிணைப்பு அதைக் கண்டுகொள்ளாது.

பெரிய பள்ளம் வேறு. நூறு பேரைப் பிணைத்த பிறகு நூற்றோராவது ஆளைச் சேர்த்தால் சாதாரணக் கோவை பட்டியலுக்குச் சொல்லாது. நான் 1996-இல் விழுந்த அதே குழிதான். 2005-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 'பைண்டிங் லிஸ்ட்' என்ற கோவையும், 'என் பண்பு மாறிவிட்டது' என்று அறிவிக்கும் ஒப்பந்தமும் சேர்ந்தன. 2006-இல் வந்த டபிள்யூ.பி.எஃப். இதையே அடித்தளமாக்கியது. அதன் 'அப்சர்வபிள் கலெக்ஷன்' ஆள் சேர்ந்தாலும் விலகினாலும் சொல்லும். ஆனால் ஏற்கெனவே உள்ள ஆளின் முகவரி மாறினால் அது சொல்லாது. அதை அந்த ஆளே சொல்ல வேண்டும். புது அட்மிஷன் ஒரு செய்தி, வீடு மாறியது வேறு ஒரு செய்தி. இரண்டுக்கும் இரண்டு தண்டோரா.

பண்பின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை விட்டால் டபிள்யூ.பி.எஃப். நிற்காது, கத்தாது. வரி வெறுமையாக வரும், பிழைச் செய்தி ஓரத்து ஜன்னலில் ஒரு மூலையில் கிடக்கும். பிறகு இணையத்துக்கு 2010-இல் கூகுளின் ஆங்குலர் இரு வழிப் பிணைப்போடு வந்தது. 2013-இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட், விவரம் ஒரே திசையில், மூலத்திலிருந்து தோற்றத்துக்குப் போகட்டும் என்றது. வடிவம் எத்தனை மாறினாலும் கேள்வி 1979-இல் கேட்டதுதான். மாறியது யார், யாரிடம் சொல்வது?

பட்டாப் பட்டியல் இன்று

கர்ணம் ஏட்டுக்கு என்ன ஆயிற்று? நிலப் பதிவுகளைக் கணிப்பொறியில் ஏற்றும் மத்திய அரசுத் திட்டம் 1988-89-இல் நாட்டின் எட்டு மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கிப் பிறகு பரவியது. தமிழ்நாட்டில் 'தமிழ் நிலம்' மென்பொருள் வந்தது. இன்று வீட்டிலிருந்தே அரசின் இணையவழிச் சேவையில் மாவட்டம் என்ற பட்டியலில் திருவண்ணாமலையைத் தேர்ந்தெடுத்தால் வட்டங்களின் பட்டியல் வரும். அதில் இப்போது தனி வட்டமாகிவிட்ட நம் கீழ்பென்னாத்தூரைத் தொட்டால் கிராமங்களின் பட்டியல் வரும். கிராமத்தைத் தொட்டுச் சர்வே எண் கொடுத்தால் உடைமையாளர் பெயர் வரும். ஒரு பட்டியலில் தொட்டது அடுத்த பட்டியலை நிரப்புகிறது. இந்தக் கட்டுரை முழுக்க நான் பேசிய பிணைப்பு அதுதான்.

பத்திரப் பதிவும் இதோடு இணைக்கப்பட்டு, உட்பிரிவு செய்யத் தேவையில்லாத இனங்களில் பதிவைத் தொடர்ந்து பட்டா தானாக மாறும் ஏற்பாடும் வந்திருக்கிறது. மூன்று ஏட்டில் மூன்று முறை எழுதிய காலம் எங்கே, இது எங்கே!

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. பிணைப்பு என்பது மூலத்தில் இருப்பதை அப்படியே காட்டும். மூலத்தில் இருப்பது சரியா என்று அதற்குத் தெரியாது. 1980-களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், யு.டி.ஆர். என்று கிராமத்தில் எல்லோருக்கும் தெரிந்த அந்தத் திட்டத்தில், மாறி ஏறிய பெயர் இன்றைக்கும் பளிச்சென்று திரையில் மாறியே தெரியும். ஏடாக இருந்தபோது ஒன்றில் தப்பாக இருந்தாலும் இன்னொன்றில் சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். எல்லாம் ஒரே மூலத்தில் பிணைந்த பிறகு தப்பும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, சந்தேகமே வராதபடி தெரிகிறது. எனவே ஜமாபந்திக்கு இன்றும் வேலை இருக்கிறது. திரையில் தெரியும் பெயரைத் தெரிந்த ஒருவர் வந்து "இது எங்க தாத்தா பேரு இல்லீங்க" என்று சொன்னால்தான் மூலம் திருந்தும்.

உங்கள் வரியைப் பாருங்கள்

சிக்கலின் பாதியைக் கணிப்பொறி தீர்த்துவிட்டது. மூலம் மாறினால் பட்டியல் மாறும். மீதிப் பாதி, வாழ்க்கை மாறினால் மூலம் மாற வேண்டும் என்பது. அது நம்மிடம்தான் இருக்கிறது.

நம் சங்கத்தின் உறுப்பினர் விவரம் இப்போது ஒழுங்கான டேட்டாபேஸில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இருக்கிறது. ஓரிடத்தில் திருத்தினால் எல்லாப் பட்டியலும் திருந்துகிறது. தம்பிகள் நன்றாகச் செய்திருக்கிறார்கள், நான் செய்த மாதிரி இல்லை. ஆனால் இந்த மலரின் கடைசிப் பக்கங்களில் நீங்கள் பார்ப்பது தாள். அச்சான அன்றைக்கு இருந்த விவரத்தின் நகல். அதை எந்த மூலத்தோடும் பிணைக்க முடியாது. என் பழைய லிஸ்ட் பாக்ஸுக்கு ரத்த சொந்தம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். மலரை மூடுவதற்குள் உங்கள் வரியைப் பாருங்கள். பக்கத்து வரியையும் பாருங்கள். வராத நண்பனின் முகவரி பழையது என்று தெரிந்தால், வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் தம்பிகளிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நான் இந்த முறை செய்த முதல் வேலை, ஓசூர் நண்பனின் வரியைச் சரிபார்த்ததுதான். அவன் ஓய்வு பெற்று ஊருக்கே திரும்பிவிட்டான். புது முகவரி ஏறியிருக்கிறது. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருப்பான், பாருங்கள்.